மாதா கோயிலின் மகுடம்

இத்தாலி என்றதும் நம் நினைவுக்கு வருவது ரோமாபுரி. அதற்கு வடக்கே, ஆர்னோ நதிக்கரையில் புளோரன்ஸ் என்றொரு நகரம் இருக்கிறது. வாருங்கள், அங்குள்ள இரண்டு பழைய தேவாலயங்களைப் பார்த்து வருவோம்.

செந்நிற ஓடு வேய்ந்த பிரமாண்டமான மாடத்தோடு நிற்கிறதே, அதுதான் சாந்தா மரியா தெல் பியோரே பேராலயம், மரியன்னையின் கோயில். 1296-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கினார்கள். சுவர்கள் எழும்பின. ஆனால், நடுவே ஏறத்தாழ 45 மீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடந்த இடத்தை மூடும் வழிதான் தெரியவில்லை. அவ்வளவு உயரத்துக்கு முட்டுக் கொடுக்க மரத்துக்கு எங்கே போவது?

பொற்கொல்லர் தொழில் பழகிய புருனெலெஸ்கி, தரையிலிருந்து முட்டே இல்லாமல் கட்டிக் காட்டுவதாக முன்வந்தார். 1420-ஆம் ஆண்டில் தொடங்கிய மாட வேலை 1436-ஆம் ஆண்டில் முடிந்தது. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு கூடுகள். செங்கற்களை மீன்முள்போல் கோத்து அடுக்கினார்கள். நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள்! செக்கு மாடுகளைப்போல் மாடுகள் சுற்றிச் சுற்றி வந்து பாரத்தை மேலே தூக்கின.

உழைக்கும் நமக்கு உறைக்கிற செய்தி ஒன்றும் உண்டு. உச்சியில் உயிரைப் பணயம் வைத்த கொத்தனார்கள் சம்பள உயர்வு கேட்டார்களாம். புருனெலெஸ்கி அவர்களை நிறுத்திவிட்டு வெளியூர் ஆட்களைக் கொண்டு வந்தார். பழையவர்களைத் திரும்பச் சேர்த்தபோது முன்னிலும் குறைந்த சம்பளமே கொடுத்தார். அந்த மாடத்தின் உட்புற ஓவியத்தைத் தொடங்கிய வசாரி என்பவரே இதை எழுதி வைத்திருக்கிறார். புருனெலெஸ்கியின் கல்லறை பேராலயத்துக்குள் இருக்கிறது. கொத்தனார்களுக்கோ அந்த மாடமே நினைவுக்கல்!

அங்கிருந்து சற்று நடந்தால் சாந்தா குரோச்சே ஆலயம். ஓவிய மேதை மைக்கேலாஞ்சலோ துயிலும் இடம். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன கலிலியோவும் இங்கேதான் இருக்கிறார். 1642-ஆம் ஆண்டில் மறைந்த அவருக்கு 1737-ஆம் ஆண்டில்தான் தகுந்த கல்லறை கிடைத்தது.

1966 நவம்பர் 4-ஆம் நாள் ஆர்னோ நதி பெருகி இந்த ஆலயத்துக்குள் புகுந்தது. சிமாபுவே வரைந்த பழம்பெரும் சிலுவையின் வண்ணத்தில் பாதிக்கு மேல் உரிந்து போயிற்று. பல நாட்டு இளைஞர்கள் ஓடி வந்து, முழங்கால் சேற்றில் நின்று நகரத்தின் கலைச் செல்வங்களை மீட்டார்கள். 'சேற்றுத் தேவதூதர்கள்' என்று ஊரார் அவர்களை அழைத்தார்கள்.

நமக்கு வசதிப்படாவிட்டாலும் நம் பிள்ளைகள் ஒருநாள் போகக்கூடும். அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். மாடத்துக்கு ஏற முன்கூட்டியே சீட்டு எடுக்க வேண்டும். படிகள் 463; மின்தூக்கி கிடையாது. ஏறும் வழியில் அந்த மீன்முள் அடுக்கு கண்ணில் படும். அங்கே சற்று நின்று பார்க்கட்டும். அந்தச் செங்கற்களை வைத்தவை, நம் கைகளைப்போல் காய்த்துப்போன கைகள்தாம்.