பவழ நிறச் சுவர்

பவழம் என்றதும் நம்மில் பலருக்குப் பாட்டியின் கழுத்து மாலை நினைவுக்கு வரும். வேறு சிலருக்கு விடியற்காலையில் வாசலில் உதிர்ந்து கிடக்கும் பவழமல்லிப் பூவின் காம்பு நினைவுக்கு வரும். இரண்டும் ஒரே நிறமன்று. மாலையின் பவழம் சிவப்பை ஒட்டியது. பூவின் காம்பு மஞ்சளை ஒட்டியது. இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று, நிறைய வெள்ளையைக் கலந்துகொண்டால் கிடைப்பதுதான் வர்ணக் கடைக்காரர் 'கோரல் பிங்க்' என்று அட்டையில் காட்டும் நிறம். வெறும் ரோஜா நிறத்தில் நீலச் சாயல் சற்று ஒளிந்திருக்கும்; பவழ ரோஜாவில் அதற்குப் பதிலாக மஞ்சள் ஒளிந்திருக்கும். ஒன்று குளிர்ச்சியாகவும் மற்றொன்று கதகதப்பாகவும் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. 2019-ஆம் ஆண்டுக்குரிய நிறமாகப் பான்டோன் நிறுவனம் 'லிவிங் கோரல்' என்பதைத் தேர்ந்தெடுத்த பிறகு, உலகெங்கும் வீட்டுச் சுவர்களில் இது ஒரு நாகரிகமாகவே ஆயிற்று.

இந்த ஆராய்ச்சியில் நான் இறங்கக் காரணம் உண்டு. மாரேட்பள்ளியில் நாங்கள் நால்வர் ஒரு வீட்டின் பின் போர்ஷனில் குடியிருக்கிறோம். முன் அறையில் வீட்டுக்கார அம்மாளின் மாமியார் இருக்கிறார், வயது எண்பதைக் கடந்துவிட்டது, கண் மங்கல். வெள்ளைச் சுவரும் வெள்ளை நிலையும் ஒன்றாகவே தெரிவதால், கதவு எங்கே என்று கையால் தடவித்தான் நடப்பார். வீட்டுக்கு வர்ணம் பூசும் பேச்சு வந்தபோது, "காலேஜில் படிக்கிறீர்களே, பாட்டிக்குத் தெரிகிற மாதிரி ஒரு நிறம் சொல்லுங்களேன்" என்றார் அம்மாள். எனவே, அழகுக்காக மட்டும் பதில் சொல்லிவிட முடியவில்லை.

முதலில் நம் ஊரையே பார்ப்போம். செகந்திராபாத்திலிருந்து உஸ்மானியா வளாகத்திற்குப் போகும் எவரும் கலைக் கல்லூரிக் கட்டடத்தைக் காணாமலிருக்க முடியாது. ஜாஸ்பர் என்ற பெல்ஜியக் கட்டடக் கலைஞரின் திட்டப்படி எழுந்த கட்டடம் அது; 1934-இல் அடிக்கல் நாட்டி, 1939-இல் திறந்தார்கள். அதன் கல் இளஞ்சிவப்புக் கருங்கல். கருங்கல்லில் சிவப்பு எப்படி வந்தது என்று கேட்கலாம். இப்பகுதிப் பாறையில் பொட்டாசியம் கலந்த பெல்ஸ்பார் என்னும் தாதுப்பொருள் மிகுதி. அதனுள் மிக நுண்ணிய அளவில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கிறது. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளாக அந்த நிறம் வெளுக்கவில்லை! மாலை நான்கு மணிக்கு மேல் அந்தச் சுவரைப் பாருங்கள். காலையில் சாம்பல் கலந்து கிடந்தது, வெயில் சாய்ந்ததும் பவழமாகிவிடும். கல் மாறவில்லை, ஒளி மாறிற்று. சுவருக்கு நிறம் தேர்ந்தெடுப்போர் முதலில் அறிய வேண்டியது இதைத்தான்.

இரும்பு ஆக்சைடு என்று சொன்னேனல்லவா, அதுவே நம் ஊர்க் காவி. கோவில் மதிலில் வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில் தீட்டுவதும், கோலத்தின் ஓரத்தில் இழுப்பதும் இந்தக் காவிதான். நீற்றிய சுண்ணாம்பில் செங்காவியும், அதில் ஒரு சிறு பங்கு மஞ்சள் காவியும் கலந்தால் அருமையான பவழ நிறம் வரும். சுண்ணாம்பு கடுமையான காரம். பூவிலிருந்தும் தாரிலிருந்தும் எடுக்கும் சாயங்களில் பல அதனுள் தங்கமாட்டா, சில மாதங்களில் வெளுத்துப்போகும். மண்ணிலிருந்து எடுக்கும் காவிக்கு அந்தப் பயமில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஈரச் சுண்ணாம்பு சுவரில் காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. கடலடியில் சின்னஞ்சிறு உயிர்கள் கட்டும் பவழமும் அதே கால்சியம் கார்பனேட்தான். ஆக, காவி கலந்த சுண்ணாம்புச் சுவரைப் பவழச் சுவர் என்று சொன்னால் அது உவமையன்று, பாதி உண்மை! சாயம் மட்டும் வேறு: பவழத்தில் உள்ளது காரட்டு இனத்துச் சாயம், சுவரில் உள்ளது இரும்பு. சுண்ணாம்பில் வழக்கமாகப் போடும் நீலத்தை மட்டும் இந்தக் கலவையில் போட வேண்டாம். வெள்ளையைப் பளிச்சென்று காட்டும் அதே நீலம், பவழத்தைக் கத்தரிப்பூ நிறத்துக்கு இழுத்துவிடும்.

இக்காலத்தில் பெரும்பாலும் எமல்ஷன் பூசுகிறார்கள். அது தவறில்லை, துடைத்தால் அழுக்குப் போகும். ஆனால் புதிதாகப் பூசிய சிமெண்டுச் சுவரில் ஒரு மாதமாவது பொறுக்காமல் எமல்ஷன் அடித்தால், உள்ளே தங்கிய ஈரமும் காரமும் வெளிவந்து, வர்ணத்தின் மேல் உப்புப் பூக்கும். வெள்ளைச் சுவரில் பூத்த உப்பு கண்ணுக்குத் தெரியாது. பவழச் சுவரில் தேமல் போலத் தெரியும்.

இனி ஒளியின் விஷயம். வடக்குச் சன்னல் உள்ள அறைக்கு நேர் வெயில் அதிகம் வாராது. வருவது வானத்தின் நீல ஒளி. அங்கே வெள்ளைச் சுவர் சற்று வாட்டமாகத் தோன்றும். பவழ நிறம் அந்த வாட்டத்தைப் போக்கும். மேற்குச் சன்னல் அறையின் கதை வேறு. செகந்திராபாத்தின் மே மாத மாலையில், நாற்பது டிகிரி வெப்பத்தோடு, பவழச் சுவரும் அடுப்புத் தணலாக நிற்கும். அந்த அறைக்கு இந்நிறத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இரவு விளக்கையும் மறக்கலாகாது. 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் நீல வெள்ளை எல்.இ.டி. விளக்கின் கீழ் பவழம் சோர்ந்து அழுக்கு ரோஜாவாகிவிடும். 2700 அல்லது 3000 என்று போட்டிருக்கும் விளக்கில் மலரும். விளக்கை மாற்றுவது சுவரை மாற்றுவதைவிட மலிவு.

தரைக்கும் இதில் பங்கு உண்டு. இவ்வூர்ப் பழைய வீடுகளில் ஷாபாத் கல்லோ தாண்டூர் கல்லோ பாவியிருப்பார்கள். சாம்பலும் நீலமும் கலந்த அந்தக் கல்லின் அருகில் பவழம் தன் உண்மை அளவைவிடச் சிவந்து தோன்றும். செவ்ரல் என்னும் பிரெஞ்சு இரசாயனி, கோபெலின் நெசவுச்சாலையில் சாயப் பகுதியை மேற்பார்த்தவர், 1839-இல் இதை விரிவாக எழுதினார். அருகருகே இருக்கும் நிறங்கள் ஒன்றையொன்று தள்ளிவிடும் என்பது அவர் கண்ட விதி. ஆகையால் கல் தரை உள்ள வீட்டில் அட்டையில் பிடித்த நிறத்தைவிட ஒரு படி வெளிறியதை எடுங்கள். நம் ஊர்ப்பக்கம் போலச் சிவப்பு ஆக்சைடு தரை இருந்தாலோ, தரையில் விழும் வெயிலே சுவரைச் சிவக்க வைக்கும். அங்கே பவழம் மிகையாகிவிடும். தந்த வெள்ளை போதும்.

ரோஜா நிறம் மனத்தைச் சாந்தப்படுத்தும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. 1979-இல் அமெரிக்காவில், சியாட்டில் கடற்படைச் சிறை அறை ஒன்றை ரோஜா நிறமாக்கியபோது கைதிகளின் மூர்க்கம் குறைந்ததாகச் சொன்னார்கள். 2015-இல் வெளியான ஒரு முறையான சோதனையில் அப்படி எந்தப் பலனும் தென்படவில்லை. எனவே தேர்வுக் காலத்து மனக் கலக்கத்துக்கு இதை மருந்தாக எண்ணிப் பூச வேண்டாம்.

பாட்டியின் கதைக்கு வருவோம். வயது ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளடைகிறது. விழித்திரைக்குச் செல்லும் ஒளியும் குறைகிறது. அறுபது வயதுக் கண்ணுக்குள் இருபது வயதுக் கண்ணில் போவதைப் போல மூன்றில் ஒரு பங்கே ஒளி போகிறதென்பர். மஞ்சள் வில்லை நீல ஒளியைத் தடுப்பதால் நீலமும் பச்சையும் ஒன்றோடொன்று குழம்பும். சிவப்பும் ஆரஞ்சும் அவ்வளவு குழம்புவதில்லை. பவழம் இங்கே வென்றது. ஆனால் நிறம் மட்டும் போதாது; வெளிச்சத்திலும் வேற்றுமை வேண்டும். மிக வெளிறிய பவழத்தில் வெள்ளை நிலை மறைந்தே போகும். ஆகவே நடுத்தரப் பவழத்தைச் சுவருக்கும், கரும் பழுப்பை நிலைக்கும் கதவுக்கும் சொன்னேன். சுவிட்ச் பலகை வெள்ளையாகவே இருக்கட்டும் என்றேன். நடுத்தரப் பவழத்தின் மேல் அது தனியே தெரியும். இப்போது பாட்டி கையை நீட்டாமலே வாசலுக்கு வருகிறார். "சுவர் பழுத்த மாதிரி இருக்கு" என்று அவர் சொன்னது புகழ்ச்சியா என்று இன்னும் தெரியவில்லை.

கடைக்குப் போகும் நண்பர்களுக்குச் சில சொற்கள். ஆரஞ்சு கலந்த சிவப்புகளுக்கு முற்காலத்தில் ஈயக் குரோமேட் சேர்ப்பது வழக்கம். ஈயம் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சு. வீட்டு வர்ணத்தில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாதென்று 2016-இல் விதி வகுத்து, 2017 நவம்பர் முதல் அமல்படுத்தினார்கள். ஆகையால் டப்பாவின் மேல் அந்தக் குறிப்பு உள்ளதா என்று பாருங்கள். பழைய சிவப்புப் பூச்சை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்காமல், நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்; தூசி பறக்காது. கடையில் காட்டும் விரலளவுச் சீட்டை நம்ப வேண்டாம். நான்கு சுவரிலும் பட்டால் நிறம் ஒன்றையொன்று எதிரொளித்து அட்டையைவிட அடர்ந்துவிடும். மிகச் சிறிய டப்பா ஒன்று வாங்கி, இரண்டடிச் சதுர அட்டையில் இரண்டு முறை பூசி, அதைச் சுவருக்குச் சுவர் சாய்த்துக் காலை, மாலை, இரவு மூன்று வேளையும் பாருங்கள். முடிவானதும் நிற எண்ணை டப்பா மூடியின் உட்புறத்தில் எழுதி வைத்துவிடுங்கள். மேற்புறத்தில் எழுதினால் அடுத்த முறை திறப்பதற்குள் வர்ணம் வழிந்து மறைத்திருக்கும்.