விதை போட்டு வளர்த்த ஸ்படிகம்

போடிநாயக்கனூர் என்றதும் ஏலக்காய் மணந்தானே நினைவுக்கு வரும்? மலைச் சரிவுகளில் விளைந்து உலர்ந்து வரும் காய், இங்கே சல்லடையில் விழுகிறது. பருமனான காய் ஒரு பக்கம், பொடிக்காய் ஒரு பக்கம். வெடித்ததும் வெளுத்ததும் தனியே. செடி கொடுத்ததில் நல்லதைப் பொறுக்கித்தானே விலைக்கு அனுப்ப வேண்டும்!

ஸ்படிகம் வளர்க்கும் விஞ்ஞானிகளும் வெகு காலம் இப்படித்தான் பொறுக்கிக் கொண்டிருந்தார்கள்.

ஸ்படிகத்தை வளர்ப்பதாவது, அது என்ன செடியா கொடியா என்கிறீர்களா? கற்கண்டும் ஸ்படிகந்தான். பாகில் நூலைத் தொங்கவிட்டால் சர்க்கரை அதைப் பற்றிக்கொண்டு கட்டி கட்டியாகச் சேருகிறது அல்லவா? பரிசோதனைச் சாலையிலும் அதே கதைதான். ஒரு பொருளைத் திரவத்தில் கரைத்து, அதன் சிறு ஸ்படிகம் ஒன்றை விதையாக இடுவார்கள். திரவம் மெல்ல ஆவியாக ஆக, விதை பருக்கும். ஆனால் எல்லாப் பக்கமும் பருக்கும்! லேசர் ஒளியின் நிறத்தை மாற்றுவது போன்ற காரியங்களுக்கோ, குறிப்பிட்ட திசையில் அமைந்த துண்டுதான் உதவும். வாரக்கணக்கில் காத்து வளர்த்ததை அறுத்து, வேண்டிய துண்டை எடுத்துக்கொண்டு மற்றதைக் கழிக்க வேண்டியதுதான்.

வேண்டிய திசையிலேயே வளரச் செய்தால் என்ன? 2005-ஆம் ஆண்டில் இதற்கு வழி சொன்னவர்கள் இரண்டு தமிழ்நாட்டு விஞ்ஞானிகள். ஒருவர் காரைக்குடி அழகப்பா பல்கலைக் கழகத்து கே. சங்கரநாராயணன். மற்றவர், சென்னை அண்ணா பல்கலைக் கழகத்தின் ஸ்படிக வளர்ச்சி மையத்தில் நெடுங்காலம் பணியாற்றிய பேராசிரியர் பி. ராமசாமி. அவர்கள் அப்போது வளர்த்துக் காட்டிய பொருள் பென்சோபினோன்.

கருவி வெகு எளிது. அடி குறுகிய ஒரு கண்ணாடிக் குழாய். அதன் அடியில், வேண்டிய திசை மேல்நோக்கி இருக்கும்படி விதையை வைக்கிறார்கள். மேலே கரைசலை ஊற்றுகிறார்கள். குழாயின் மேற்பக்கத்தைச் சுற்றி மின்சார வளையம் ஒன்று. கீழ்ப்பக்கத்தைவிடச் சில டிகிரி அதிகச் சூடு. மேலே திரவம் ஆவியாகிறது. அடர்ந்த கரைசல் கனம் தாங்காமல் கீழே இறங்கி விதைமேல் படிகிறது. பக்கவாட்டில் கண்ணாடி தடுக்கிறது. ஆகவே ஸ்படிகம் குழாயை நிறைத்துக்கொண்டு மேல்நோக்கியே எழும்புகிறது. கரைத்த பொருள் அநேகமாக முழுதும் ஸ்படிகமாகிவிடும்.

ஒரே ஆபத்து, அவசரம். ஆவியாவது வேகப்பட்டால் கண்ட இடத்தில் குட்டி ஸ்படிகங்கள் முளைத்துவிடும். சூடு ஏறிவிட்டாலோ, விதையே கரைந்து போகும்! நாளுக்குச் சில மில்லிமீட்டர் வளர்ந்தால் போதும் என்று பொறுத்திருக்க வேண்டும்.

கணிப்பொறிக்கு வேண்டிய சிலிக்கனை உருக்கி ஸ்படிகமாக்க 1,400 டிகிரிக்கு மேல் கொதிக்கும் உலை வேண்டும். இதற்கோ குளிக்கிற வெந்நீரின் சூடே போதும். பெரிய உலை வாங்க வசதியில்லாத கல்லூரி மாணவரும் பெரிய ஸ்படிகம் வளர்க்கலாம் என்பதுதான் இதில் விசேஷம்.

அயல்நாட்டு விஞ்ஞானப் பத்திரிகைகளில் இதற்கு 'எஸ்.ஆர். முறை' என்று பெயர். எஸ் என்றால் சங்கரநாராயணன். ஆர் என்றால் ராமசாமி!