ஹா லாங் விரிகுடாவில் ஓரிரவுப் படகுப் பயணம்

புதுச்சேரியைப் போலவே வியட்நாமும் ஒருகாலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. புதுச்சேரித் தமிழர் பலர் அன்று அந்நாட்டின் தெற்கிலுள்ள சைகோனில் பணிபுரிந்தனர். வடகிழக்கில் அமைந்துள்ளது ஹா லாங் விரிகுடா. இங்கு ஏறத்தாழ 1,600 சுண்ணாம்புக்கல் தீவுகள் உள்ளன.

கரியமில வாயு கலந்த மழைநீர் மென் அமிலமாகிச் சுண்ணாம்புப் பாறையை நெடுங்காலம் அரித்தது. பின்னர் கடல்மட்டம் உயர்ந்து பள்ளத்தாக்குகள் மூழ்கின, குன்றுகள் தீவுகளாயின. 1994-இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

ஓரிரவுப் பயணம் பொதுவாக நண்பகலில் தொடங்கி மறுநாள் முற்பகலில் முடியும். சுங் சோட் குகையையும் டி டாப் தீவையும் பல படகுகள் காட்டுகின்றன. 1962-இல் இங்கு வந்த சோவியத் விண்வெளி வீரர் கெர்மன் டிட்டோவின் பெயரையே இத்தீவு தாங்கியுள்ளது. இரவில் படகு தீவுகளின் மறைவில் நங்கூரமிடும்.

அலையற்ற நீர் என்பதால் ஆபத்தில்லை என எண்ணலாகாது. 2011 பிப்ரவரியில் நங்கூரமிட்டு நின்ற படகு விடியுமுன் மூழ்கி, உறக்கத்திலிருந்தோர் உட்பட 12 பேர் இறந்தனர். 2025 ஜூலை 19 அன்று திடீர்ச் சூறைக்காற்றில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எனவே படகில் ஏறியதும் உயிர்காப்பு உடையும் வெளியேறும் வழியும் எங்குள்ளன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வானிலை காரணமாகப் பயணம் நிறுத்தப்பட்டால், அதை ஏற்பதே அறிவுடைமை.