எழுதுவார் இல்லாத பட்டியல்

பைக்காராவின் நீர்மின்சாரம் 1930-களின் தொடக்கத்தில் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்ததும், இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று போற்றப்படும் யந்திரத்தை ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் செய்து காட்டியதும், காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த கொங்கு நாட்டு விவசாயியின் வாழ்வை எவ்வாறு மாற்றின என்பது பலரும் விஸ்தாரமாக எழுதிய விஷயம். அந்த மோட்டாருக்குத் துணையாகக் கிணற்றுமேட்டு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் இப்போது குடியேறியிருக்கும் மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சிறு சில்லைப் பற்றி எழுதுவோர்தான் குறைவு.

அதற்கு வேலை கொஞ்சமல்ல. மும்முனை மின்சாரத்தில் ஒரு ஃபேஸ் போய்விட்டால் மற்ற இரண்டிலும் மின்னோட்டம் மிகுந்து காயில் கருகிவிடும். போர்வெல்லில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே ஓடினாலோ மின்னோட்டம் வழக்கமான அளவுக்குக் கீழே இறங்கும். இவற்றையெல்லாம் கவனித்து மோட்டாரை நிறுத்தவும், தோட்டத்துக்காரர் ஊரிலிருந்து செல்போனில் அழைத்தால் ஓட்டவும் அந்தச் சில்லுக்குள் தனித்தனிச் சோதனை நிரல்கள் வேண்டும். அவற்றை வரிசையாகக் கூப்பிட, எல்லாவற்றின் பெயரையும் தாங்கிய பட்டியல் ஒன்றும் வேண்டும்.

சங்கடம் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. அதை மையமான ஒரு கோப்பில் கையால் எழுதிவைத்தால், வற்றிய கிணற்றைக் கண்டுபிடிக்கும் நிரலை அரும்பாடுபட்டு எழுதிய பொறியாளர் பட்டியலில் ஒரு வரி சேர்க்க மறந்துவிடுகிறபோது, அந்த நிரல் பெட்டிக்குள் இருந்தும் ஒரு நாளும் ஓடாது. கம்பைலரும் அதைக் குற்றமென்று சொல்லாது. மின்சாரம் வந்தபின் ஒவ்வொரு நிரலும் தன்னைத்தானே பதிவு செய்துகொள்ளலாமே என்றால், அதற்கு ரேம் செலவாகும். பரவலாகப் புழங்கும் எஸ்டிஎம்32 எஃப்103சி8 சில்லில் ஃபிளாஷ் 64 கிலோபைட். ரேம் 20 கிலோபைட்தான்.

இங்கேதான் லிங்க்கரின் உபகாரம். கம்பைலர் தனித்தனியே பெயர்த்துக் கொடுத்த கோப்புகளை ஒன்றாகக் கோத்து, ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் ஸ்தானம் நிர்ணயிப்பது அதன் தொழில். ஒவ்வொரு சோதனையும் தன் பெயரையும் தன் நிரலின் முகவரியையும் கொண்ட சிறு குறிப்பை எழுதி, அது இன்ன செக்‌ஷனைச் சேர்ந்தது என்று முத்திரையிட்டுவிட்டால், எத்தனை கோப்புகளில் சிதறிக் கிடந்தாலும் அக்குறிப்புகளை லிங்க்கர் ஃபிளாஷில் அடுத்தடுத்து அமர்த்திவிடும். அந்தச் செக்‌ஷனின் பெயர் சி மொழி ஏற்கும் பெயராக இருந்தால், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒவ்வொரு அடையாளத்தைக் குனு லிங்க்கர் தானாகவே வைத்துக்கொடுக்கும். கல்யாணப் பந்தியில் பரிமாறுபவர் விருந்தினர் ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டா பரிமாறுகிறார்? முதல் இலையும் கடைசி இலையும் தெரிந்தால் அவருக்குப் போதும். நிரலும் அப்படியே நடந்துபோகிறது. புதிய சோதனை வேண்டுமானால் அதன் கோப்பைச் சேர்த்தால் தீர்ந்தது. வேண்டாத மாடலில் கோப்பை எடுத்துவிட்டால் அதன் குறிப்பும் போய்விடும். லினக்ஸ் கருவகம் தன் டிரைவர்களைத் தொடங்கிவைக்கும் நிரல்களைத் திரட்டுவதும், ஸெஃபிர் என்னும் இயங்குதளம் தன் பட்டியல்களை அமைப்பதும் இதே யுக்தியால்தான்.

அபாயங்களும் உண்டு. யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத குறிப்பு வீண் சுமையென்று கம்பைலரோ லிங்க்கரோ அதைத் தள்ளிவிடக்கூடும்; ஆகவே கம்பைலருக்கு ‘யூஸ்டு’ என்றும், லிங்க்கர் ஸ்கிரிப்டில் ‘கீப்’ என்றும் சொல்லிவைப்பது அவசியம். குறிப்புகளைச் சுமந்த கோப்பை லைப்ரரிக்குள் அடைத்துவைத்தாலோ, அதிலுள்ள வேறெதையும் யாரும் நாடாதபோது லிங்க்கர் அந்தக் கோப்பைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கையால் எழுதிய பட்டியலில் நேரும் அதே மறதி இங்கே வேறு வாசல் வழியாக வருகிறது என்பதை இந்த முறையைப் புகழ்வோர் அவ்வளவாகச் சொல்வதில்லை. எனவே லிங்க்கர் எழுதித்தரும் மேப் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு குறிப்பும் வந்து அமர்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவதே உத்தமம்.

ஃபேஸ் சோதனை முதலிலும் செல்போன் அழைப்பு பின்னாலும் வரவேண்டும் என்று வரிசை முக்கியமாகும் இடத்தில், செக்‌ஷன் பெயரின் கடைசியில் எண்ணைச் சேர்த்து, ஸ்கிரிப்டில் பெயர்வாரியாக அடுக்கச் சொல்லி, இரு எல்லைகளையும் அங்கேயே நாமே குறித்துவிடலாம். ஆனால் அந்த அடுக்கு அகராதி வரிசை. 2-க்கு முன்னால் 10 வந்து நிற்கும். அதனால் விஷயம் அறிந்தவர்கள் 02 என்றே எழுதுகிறார்கள்.