மருந்து போகும் வழி

கொழும்பு மாநகரின் வடபாலில் முகத்துவாரம் என்றொரு பகுதி உண்டு. ஜிந்துப்பிட்டியிலிருந்து கொட்டாஞ்சேனையைக் கடந்து வடக்கே செல்வோர் அதனை அடைவர். ஆறு கடலொடு கலக்கும் வாய் என்பது அப்பெயரின் பொருள். சிங்களத்தில் ‘மோதர’ என வழங்குவதும் அப்பொருளதே. களனி கங்கை அப்பக்கத்தேதான் கடல் புகுகின்றது. ஊர்ப்பெயர் பலவற்றின் பொருளை நாம் மறந்துவிட்டோம். மறந்ததனால் பெரிய இழப்பும் இல்லை. ஆயின் இப்பெயரின் பொருளை மறத்தல் ஆகாது. ஆற்றின் வாயில் வாழ்வோர்க்கு, ஆற்றின் தலையில் நிகழ்வனவெல்லாம் வந்து சேரும்.

களனியின் நீளம் ஏறக்குறைய 145 கிலோமீற்றர். சிவனொளிபாத மலைச்சாரலின் நீரைக் கொண்டு மஸ்கெலியா ஓயாவும், மற்றொரு பக்கத்து மலைநீரைக் கொண்டு கெஹெல்கமு ஓயாவும் இறங்கிவந்து கித்துல்கலைக்கு அருகே கூடுகின்றன. தேயிலைத் தோட்டங்கள், சிறு பட்டினங்கள், வைத்தியசாலைகள், பண்ணைகள், தொழிற்சாலைகள் ஆகிய இத்தனையையும் கடந்து ஆறு அவிசாவளை வழியாகச் சமவெளிக்கு வருகின்றது. கடலை அடையுமுன் அம்பத்தலையில் அதன் நீர் எடுக்கப்பட்டுத் தூய்மை செய்யப்படுகின்றது. கொழும்பு குடிக்கும் நீரிற் பெரும்பகுதி அதுவே.

ஆற்றில் மிதந்துவரும் குப்பையை நாம் காண்கிறோம். காண்பதனால் அதனை வெறுக்கிறோம். கண்ணுக்குப் புலனாகாது, நிறமும் மணமும் காட்டாது வரும் அழுக்கும் ஒன்று உண்டு. அதற்கு அழுக்கு என்று பெயர் சொல்லவும் நா எழாது. ஏனெனில் அதன் பெயர் மருந்து.

குளிசை ஒன்றை விழுங்குகிறோம். நோய் தணிகின்றது. மருந்தின் வேலை முடிந்தது என்று எண்ணுகிறோம். நம் உடலில் அதன் வேலை முடிந்தது உண்மை; மருந்து முடிந்துவிடவில்லை. நீரிழிவு நோயாளர் நாள்தோறும் உண்ணும் மெற்போமின் என்னும் மருந்து உடலினுள் ஏறக்குறைய மாறுவதே இல்லை. உட்புகுந்த உருவிலேயே வெளியேறுகின்றது. நீரிழிவுக்குக் கொடுத்த மருந்து நீரிலேயே போய்ச் சேர்கின்றது. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த பேராய்வு ஒன்று, 104 நாடுகளில் 258 ஆறுகளின் நீரை 1,052 இடங்களில் எடுத்துச் சோதித்தது. மிகப் பல இடங்களில் அகப்பட்ட மருந்துகளுள் இந்த மெற்போமினும் ஒன்று. நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில், ஒரு மருந்தேனும் நீர்வாழ் உயிர்களுக்குத் தீங்கற்றது எனக் கருதப்படும் அளவைக் கடந்திருந்தது.

அளவு என்ற சொல் இங்கே வந்துவிட்டது. மருத்துவம் பேசிய நம் முன்னோர் முதலிற் பேசியது அளவையே. திருக்குறளில் 95ஆவது அதிகாரத்துக்கு ‘மருந்து’ என்று பெயர். ஆயினும் மூலிகை எதன் பெயரும் அங்கே இல்லை. பெரும்பாலும் உண்ணும் அளவே அதன் பேச்சு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பழமொழியும் சொல்லும். மிகுதியே தீமை என்பது இவற்றால் நாம் பெற்ற பாடம். இக்காலத்து விஞ்ஞானம் அப்பாடத்தொடு மற்றொன்றையும் சேர்க்கின்றது: மிகுதியால் அன்றி, மிகச் சிறுமையாலேயே வினைபுரியும் பொருளும் உண்டு.

ஓமோன் எனப்படுவது அத்தகைய பொருள். 1905ஆம் ஆண்டில் ஸ்ராலிங் என்ற ஆங்கில அறிஞர் அச்சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார். ‘தூண்டுதல்’ என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல் அதன் வேர். உடலின் ஓரிடத்திற் சுரந்து, குருதியோடு சென்று, பிறிதோரிடத்தைத் தொழிற்படுத்தும் தூது அது. தூதுக்குப் படை வேண்டா. ஒரு சொல் போதும். எனவேதான் ஓமோன் அணுவளவே சுரக்கின்றது. 1938ஆம் ஆண்டில் பேர்லின் நகரிற் செயற்கையாக ஆக்கப்பட்ட எதினைல் எஸ்திராடியோல் என்னும் பெண்மை ஓமோன், பின்னர்க் கருத்தடை மாத்திரைகளில் இடம்பெற்றது. அது இயற்கை ஓமோனைப் போல எளிதிற் சிதைவதில்லை.

இங்கிலாந்தில் கழிவுநீர் வந்து விழும் இடங்களில் ஆண் மீன்களைக் கூண்டிலிட்டு வைத்துப் பார்த்தனர். பெண் மீன் முட்டைக் கருவுக்கென ஆக்கும் புரதம் அவற்றின் குருதியிலும் தோன்றியிருந்தது. இந்த முடிபு 1994இல் வெளியாயிற்று. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்ட ஏரிகளுள் ஒன்றில், 2001 முதல் 2003 வரை கோடைதோறும் மேற்கூறிய செயற்கை ஓமோனைக் கலந்தனர். ஒரு லீற்றர் நீரில் இருந்தது, ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் வரும் பங்குகளில் ஐந்தாறு மட்டுமே. இக்கணக்கின்படி ஒரு கிராம் ஓமோன் ஏறக்குறைய இருபது கோடி லீற்றர் நீருக்குப் போதும்! அந்த ஏரியில் வாழ்ந்த சிறுமீன் இனம் ஒன்று அநேகமாக அற்றுப்போயிற்று. ஓமோன் கலப்பதை நிறுத்திச் சில ஆண்டுகள் சென்றபின் அவ்வினம் மீண்டது. அச்சமும் ஆறுதலும் ஒருங்கே தரும் செய்தி இது.

ஓமோனை ஆக்குவது மருந்துச்சாலை மட்டும் அன்று. மாந்தர் யாவரும், மாடும் கோழியும் இயற்கையாகவே அதனை வெளியேற்றுகின்றன. ஒன்றிரண்டு மாடு கட்டிய தொழுவத்து எருவை நிலம் செரித்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் அடைத்து வளர்த்தால் நிலத்துக்குச் செரிப்பதில்லை. அமெரிக்காவின் நெபிராஸ்கா மாநிலத்தில், மாட்டுப்பட்டிகளின் கழிவுநீர் கலந்த ஓடைகளில் வாழ்ந்த ஆண் மீன்களின் விதைகள் சிறுத்திருந்தமையை 2004இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. நம் மலைநாட்டிலே நுவரெலியாப் பகுதி மரக்கறித் தோட்டங்களுக்குக் கோழி எருவே பெரும் பசளை. பறவைக்குக் கொடுத்த நுண்ணுயிர்க்கொல்லியில் கணிசமான பங்கு எருவொடு வெளிவரும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்திலோ, மேலே இட்ட பசளையும் மலக்குழிக் கசிவும் கிணற்றில் நைத்திரேற்றாக வெளிப்படுவது நெடுநாளாக அறியப்பட்டது. நைத்திரேற்றுக்குத் திறந்த வழி பிறவற்றுக்கு அடைபட்டிருக்கும் என்று நம்ப இடமில்லை.

இஃது அயல்நாட்டார் கவலை என்று ஒதுக்குவோர் தமிழ்நாட்டை நோக்குக. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் இரண்டாண்டுக் காலம் காவிரி நீரை ஆராய்ந்து 2021இல் முடிபு கூறினர். வலி தணிக்கும் மருந்துகளும், இரத்த அழுத்தத்துக்குரிய அற்றெனலோலும், சிப்புறோபுளொக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் அந்நீரில் இருந்தன. ஐதராபாத்துக்கு அருகே பட்டன்செருவில் நிலை இன்னும் கொடிது. ஏறத்தாழ 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளிவிட்ட நீரில், லீற்றர் ஒன்றுக்கு 31 மில்லிகிராம் வரை சிப்புறோபுளொக்சசின் இருந்ததை 2007இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் வெளியிட்டனர். அம்மருந்தை உண்ட நோயாளரின் குருதியில் இருப்பதினும் இது மிகுதி. நம் இலங்கையின் ஆறு, கால்வாய்களிலும் 72 வகை மருந்துகளையும் உடல்தூய்மைப் பொருள்களையும் தேடிய ஆய்வு 2019இல் வெளிவந்தது. அவற்றுட் பல இங்கும் அகப்பட்டன.

அப்படியாயின் குழாய்நீரைக் குடிப்பதால் நோய் வருமா என்று மாணவர் வினவுவர். நேர்மையாக விடை சொல்லவேண்டும். குடிநீரிற் காணப்படும் மருந்தின் அளவு மிகச் சிறிது; அதனால் மனிதர்க்கு நேரே கேடு விளைவது அரிது என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் மதிப்பிட்டது. மீனுக்கு அந்த ஆறுதல் இல்லை; அது நீரைக் குடிப்பதொடு அமையாமல் நீரிலேயே பிறந்து வளர்கின்றது.

நமக்குரிய பேரிடர் வேறொரு வாயிலால் வரும். நுண்ணுயிர்க்கொல்லி கலந்த நீரிலும் சேற்றிலும் நோய்க்கிருமிகள் அதனொடு பழகுகின்றன. கொல்லாத அளவு மருந்து கிருமிக்குப் பயிற்சிக்கூடமாகின்றது. அங்கே தேறிய கிருமி மனித உடலிற் புகுந்தால், வைத்தியர் கொடுக்கும் அதே மருந்து பயனற்றுப் போகும். மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரே விளைந்த மரணங்கள் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 12 இலட்சத்து 70 ஆயிரம் எனக் கணித்துள்ளனர். ஒரு தாயின் பிரசவக் காய்ச்சலுக்கும் ஒரு குழந்தையின் சளிச்சுரத்துக்கும் கைகொடுக்கும் மருந்தை, நாமே ஆற்றிற் கரைத்து வலியிழக்கச் செய்கிறோம்.

மருந்தை விட்டுவிடுக என்று யாரும் சொல்லார், அது மடமை. அது போகும் வழியைக் காக்கவேண்டும். ஆக்கும் இடம், உண்ணும் இடம், கழியும் இடம் எனக் காவலுக்குரிய இடங்கள் மூன்று.

கழியும் இடத்தை முதலில் நோக்குவோம். படிகாரமும் மணல்வடியும் குளோரீனும் வாந்திபேதிக் கிருமியை வெல்வதற்கு ஏற்பட்டவை. கரைந்த மருந்தை நீக்குவதற்கு ஏற்பட்டவை அல்ல. அதற்கு ஓசோன் வாயுவும் பதப்படுத்திய கரியும் வேண்டும். சுவிற்சர்லாந்து 2016 முதல் பெரிய கழிவுநீர் நிலையங்களில் இவற்றை அமைத்து வருகின்றது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற சட்டம், இத்தகைய சுத்திகரிப்பின் மேலதிகச் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, ஒப்பனைப் பொருள் உற்பத்தியாளர் தரவேண்டும் என விதித்தது. பொருள் விற்றவன் அதன் எச்சத்துக்கும் பொறுப்பாவான் என்பது அறத்தொடு பொருந்திய சட்டம். நம் நிலையோ வேறு. கொழும்பின் நிலத்தடிச் சாக்கடை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அமைத்தது. அதன் கழிவு முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் உள்ள குழாய்களால் நெடுங்காலமாகக் கடலில் விடப்பட்டு வந்தது. ஓசோனைப் பற்றிப் பேசுமுன் முதற்படியாகிய சுத்திகரிப்பையே நகர் முழுவதற்கும் நிறைவாக்குதல் வேண்டும்.

உண்ணும் இடத்தில் நம் கடமை எளிது. எஞ்சிய குளிசைகளை மலசலகூடத்தில் இட்டு நீரூற்றுதல் கூடாது. வைத்தியர் எழுதாத நுண்ணுயிர்க்கொல்லியைக் கடையிற் கேட்டு வாங்குதல் கூடாது. தோட்டக்காரர் எருவைப் பச்சையாக இடாமல் குவித்து மக்கச்செய்து இட்டால், ஓமோனும் மருந்துகள் பலவும் முற்றும் அழியாவிடினும் பெருமளவு சிதையும். ஆக்கும் இடத்தையும் பண்ணையையும் காப்பது அரசின் கடன். நீரில் மருந்து எவ்வளவு உண்டு என்று ஆண்டுதோறும் அளந்து மக்களுக்கு அறிவித்தல் அதன் தொடக்கம். அளக்காத ஒன்றுக்கு எல்லை வகுக்க இயலாது.

மலைநாட்டில் ஒருவர் விழுங்கிய மருந்து களனியில் இறங்கி வருகின்றது. ஜிந்துப்பிட்டியில் நாம் விழுங்கியது சாக்கடை வழியே கடலுக்குப் போகின்றது. அங்கே முகத்துவாரத்து மீனவன் வலை வீசுகின்றான். மேலே இருப்பவரிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையை, நமக்குக் கீழே இருப்பவனும் நம்மிடம் எதிர்பார்க்கின்றான்.