ரம்பச் சங்கிலியை எப்போது மாற்றுவது?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் போனவர்கள், கடற்கரை நெருங்க நெருங்கச் சவுக்குத் தோப்புகளைக் கவனித்திருப்பார்கள். சாரம் கட்டவும், பந்தல் காலுக்கும், அடுப்புக்கும், காகித ஆலைக்கும் வேண்டப்படும் மரம் இது. கோடரியும் கைரம்பமும் செய்த வேலையில் பெரும்பகுதியை இப்போது சங்கிலி ரம்பம் செய்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. இத்தகைய நாள்களில் சாலையில் சாய்ந்த மரத்தை அகற்ற எடுத்துவரப்படுவதும் இதே கருவிதான்.

இந்த ரம்பம் சரியாக அறுக்கவில்லை என்றால் உடனே சங்கிலியை மாற்றிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. பெரும்பாலும் பல் மழுங்கியிருக்கும். அரம் போட்டால் போதும். ஆனால் அரம் போட்டும் பயனில்லாத ஒரு நிலை வருகிறது. அதை அறிந்துகொள்ளச் சங்கிலியின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சைக்கிள் செயினைப் போலவே இதுவும் கண்ணிகளை ரிவெட்டு ஆணிகளால் கோத்துச் செய்ததுதான். வெட்டும் பற்கள் இடம், வலம் என மாறி மாறி அமைந்திருக்கும். அடியில் கூர்த்து நிற்கும் ஓட்டுக் கண்ணிகள் பட்டையின் பள்ளத்தில் ஓடுகின்றன; எஞ்சினின் பற்சக்கரம் இவற்றைப் பிடித்துத்தான் சங்கிலியை இழுக்கிறது. தொடக்க காலச் சங்கிலிகளில் கைரம்பத்தின் பற்களைப் போன்றவையே இருந்தன. அவை மரத்தைச் சுரண்டின, விரைவில் மழுங்கின. 1946-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மரவெட்டியாக இருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், ஒரு கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவைக் கண்டார். அதன் இரு தாடைகளும் இடமும் வலமுமாக மரத்தைச் செதுக்கி முன்னேறின. அதே முறையில் உளி போன்ற பற்களை அமைத்து, 1947-இல் அவர் சங்கிலி தயாரிக்கத் தொடங்கினார். இன்று ஓடும் சங்கிலிகளில் மிகப் பெரும்பாலானவை அந்தப் புழுவின் வாய்க்குக் கடன்பட்டவை!

பல் உளி என்றால், அது தள்ளும் மரமும் செதில் செதிலாக வர வேண்டும். மாவுபோல் தூள் வந்தால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். கூரான சங்கிலி மரத்துக்குள் தானே இறங்கும். மழுங்கியதை ஆள் அழுத்த வேண்டியிருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பல்லின் முனையை வெயிலில் பார்த்தாலும் தெரியும். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பாது. மழுங்கிய விளிம்பில் வெள்ளைக் கோடு மின்னும். ரம்பம் ஒரு பக்கமாக வளைந்து அறுத்தால், இடப்பற்களும் வலப்பற்களும் சமமாக இல்லை. இவை எல்லாம் அரத்தால் தீரக்கூடியவை.

நம் கடலோரத் தோப்புகளில் மணலே பெரிய பகை. பல்லின் எஃகு அரத்தால் தேய்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஆகவே அரத்தைவிடக் கடினமாக அதைச் செய்ய முடியாது. மணலில் உள்ள குவார்ட்ஸோ கண்ணாடியையே கீறும். பல்லின் மேல் பூசிய குரோமியமும் அதன்முன் அதிக நாள் தாங்காது. தரையில் இழுத்து மணல் ஒட்டிய கட்டையை அப்படியே அறுப்பதைவிட, பட்டையைத் தட்டிவிட்டு அறுப்பது எவ்வளவோ மேல்.

அரம் போடப் போடப் பல் குட்டையாகிறது. அதன் மேற்பரப்பு பின்னோக்கிச் சரிந்திருப்பதால் உயரமும் குறைகிறது. பல்லுக்கு முன்னால் உள்ள சிறு மேடு, பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. பல சங்கிலிகளில் இந்த மேடு பல்லைவிடச் சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். எனவே மேட்டையும் அவ்வப்போது தேய்க்க வேண்டும். அளவுக்கு மீறித் தேய்த்தாலோ பல் ஆழமாகக் கடித்து, ரம்பம் ஆளை நோக்கித் துள்ளும். பல சங்கிலிகளில் பல்லின் பின்புறம் சாய்வாக ஒரு கோடு பொறித்திருப்பார்கள். அரம் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் சங்கிலியின் ஆயுள் முடிந்தது. கோடு இல்லாவிட்டால், மிகக் குட்டையான பல்லின் நீளம் 4 மி.மீ. ஆனதும் மாற்றிவிடலாம்.

பல்லில் இன்னும் நீளம் இருக்கும்போதே சங்கிலி முடிந்துபோவதும் உண்டு. பலர் கவனிக்காதது இதைத்தான். ‘செயின் நீண்டுவிட்டது’ என்கிறோம். உண்மையில் இரும்பு நீளவில்லை, ரிவெட்டும் அதன் துளையும் தேய்ந்து இடைவெளி விட்டிருக்கின்றன. 16 அங்குலப் பட்டையில் ஓடும் ஒரு சங்கிலியில் 60 ஓட்டுக் கண்ணிகள், ஆக 120 ரிவெட்டுகள் என்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் 0.1 மி.மீ. தேய்ந்தால் மொத்தம் 12 மி.மீ. நீளம் கூடிவிடும். கண்ணிகளின் இடைவெளி பற்சக்கரத்தின் பற்களோடு பொருந்தாமல் போகும். பழைய சைக்கிள் செயின் பல்லின் மேல் ஏறிக் கழல்வதும் இதனால்தான்.

புதிய சங்கிலி முதல் நாளில் சற்றுத் தளர்வது இயல்பு. சூட்டாலும் தளரும்: 1.14 மீட்டர் நீளமுள்ள எஃகுச் சங்கிலி 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1.4 மி.மீ. நீளும். சூட்டோடு இறுக்கினால் ஆறும்போது சுருங்கிப் பட்டையை நெரித்துவிடும் என்பதால், ஆறிய பிறகே இறுக்க வேண்டும். ஆனால் இறுக்கும் திருகு கடைசிவரை போய்விட்ட பின்னும் சங்கிலி தொங்கினால், அல்லது இறுக்கியும் அடிக்கடி கழன்றால், அதைக் கைவிட வேண்டும். சிலர் ஒரு கண்ணியை எடுத்துவிட்டு மீண்டும் கோத்து ஓட்டுவார்கள். மொத்த நீளம் குறையும். கண்ணிக்குக் கண்ணி உள்ள இடைவெளி குறையாது. அது வீண் சிக்கனம்.

விரிசல் கண்ட கண்ணியோ தளர்ந்து ஆடும் ரிவெட்டோ இருந்தால் பல்லின் நீளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வேலை செய்யும்போது சங்கிலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அறுந்தால் முனை சாட்டைபோல் வீசும். உடைந்த துண்டுகள் தெறிக்கும். சங்கிலியின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது என்பது இதற்காகவே.

மாற்றும்போது பற்சக்கரத்தையும் பார்க்க வேண்டும். பழைய சங்கிலி அதில் அரை மில்லிமீட்டர் ஆழம் பள்ளம் போட்டிருந்தால், அது புதிய சங்கிலியையும் விரைவில் பழையதாக்கிவிடும். இரண்டு சங்கிலிகளை மாற்றி மாற்றி ஓட்டி, இரண்டும் முடிந்ததும் சங்கிலிகளோடு பற்சக்கரத்தையும் மாற்றுவது நல்ல வழக்கம். புதிய சங்கிலியை எண்ணெயில் ஊறவைத்து, சில நிமிடம் மரத்தில் வைக்காமல் மெதுவாக ஓடவிட்டு, நிறுத்தி ஆறியதும் இறுக்கத்தை ஒருமுறை சரிபார்த்த பின் தோப்புக்கு எடுத்துச் செல்லலாம்.