காடு மாறினால் லென்ஸும் மாறும்: பாலக்காடு, இடுக்கி மலைகளில் கேமரா லென்ஸ் தொழில்நுட்பம் – ஒரு விளக்கம்

பாலக்காடு: தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் உள்ள காடுகளுக்கு வரும் பயணிகள் பலரிடம் லென்ஸை மாற்றிப் பொருத்தும் வசதி கொண்ட கேமராக்கள் உள்ளன. அமைதிப் பள்ளத்தாக்கில் மங்கலாகப் பதிவாகும் படம், அதே கேமராவில், அதே நபரின் கையில், இரவிகுளத்தில் தெளிவாக அமைகிறது. இந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் கேமராவைவிட லென்ஸே காரணமாகிறது.

லென்ஸின் மீது பொறிக்கப்பட்டுள்ள எண்களும் எழுத்துகளும் எதைக் குறிக்கின்றன, எந்த நிலப்பரப்புக்கு எந்த வசதி தேவை என்பதை அறிந்தால், தேவையற்ற செலவைத் தவிர்க்க முடியும். விலங்கை நெருங்கிச் செல்லும் ஆபத்தையும் தவிர்க்க முடியும்.

இருவேறு வெளிச்சம்

பாலக்காடு மாவட்டம் மன்னார்க்காடு அருகே உள்ள அமைதிப் பள்ளத்தாக்கு, 1984-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அடர்ந்த பசுமைமாறாக் காடான இங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் சிங்கவால் குரங்குகள் உயர்ந்த மரங்களின் உச்சிப் பகுதியில் நடமாடுகின்றன. நண்பகலிலும் மரங்களுக்கு அடியில் வெளிச்சம் குறைவாகவே இருக்கும்.

இடுக்கி மாவட்டத்தின் இரவிகுளம் தேசியப் பூங்கா இதற்கு நேர்மாறானது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான, 2,695 மீட்டர் உயரம் கொண்ட ஆனைமுடியை உள்ளடக்கிய இப்பூங்கா, பெரும்பகுதி திறந்த புல்வெளியாகும். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு இங்கு அதிக எண்ணிக்கையில் வாழ்கிறது. வெளிச்சத்துக்குக் குறைவில்லை, ஆனால் மூடுபனி எந்த நேரத்திலும் சூழக்கூடும்.

குவியத் தொலைவு என்றால் என்ன?

லென்ஸின் மீது 50, 200, 400 என மில்லிமீட்டரில் குறிக்கப்படும் எண் குவியத் தொலைவாகும். எண் கூடக்கூட லென்ஸ் காணும் பரப்பு குறுகும். தொலைவில் உள்ள பொருள் படத்தில் பெரிதாகத் தெரியும். 20 மீட்டர் தொலைவில் நிற்கும் விலங்கை 200 மி.மீ. லென்ஸ் எந்த அளவில் பதிவு செய்கிறதோ, ஏறத்தாழ அதே அளவில் 40 மீட்டர் தொலைவிலிருந்து 400 மி.மீ. லென்ஸ் பதிவு செய்யும்.

கேமராவின் சென்சார் அளவும் இதில் பங்கு வகிக்கிறது. முழுச்சட்ட சென்சாரைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கொண்ட நிக்கான், சோனி கேமராக்களில், 400 மி.மீ. லென்ஸ் முழுச்சட்டக் கேமராவின் 600 மி.மீ. லென்ஸுக்கு இணையான காட்சிப் பரப்பைத் தரும்.

எனினும், எல்லா இடங்களிலும் நீண்ட லென்ஸ் தேவைப்படுவதில்லை. இரவிகுளத்தின் ராஜமலைப் பகுதியில் மனிதர்களுக்குப் பழகிய வரையாடுகள் சாலையோரத்திலேயே மேய்வதால், 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் போதுமானதாக இருக்கும்.

துளை அளவும் வெளிச்சமும்

எஃப்/2.8, எஃப்/4, எஃப்/5.6 என்பவை லென்ஸின் துளை அளவைக் குறிக்கின்றன. குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். எனவே எண் சிறியதாக இருந்தால் துளை பெரியது. 300 மி.மீ. லென்ஸில் எஃப்/2.8 கிடைக்க ஏறத்தாழ 107 மி.மீ. விட்டம் தேவை. இத்தகைய லென்ஸ்கள் பருத்தும் கனத்தும் இருப்பதற்கும், பல லட்சம் ரூபாய் விலை பெறுவதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

எஃப்/5.6-ஐவிட எஃப்/2.8 நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. அடர்காட்டில் எஃப்/5.6 லென்ஸுடன் நொடியில் 60-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் மட்டுமே கிடைக்குமானால், எஃப்/2.8 லென்ஸில் அது ஏறத்தாழ 250-இல் ஒரு பங்காக உயரும். கிளைக்குக் கிளை தாவும் குரங்கின் முகம் தெளிவாகப் பதிவாவதும் கலைந்துபோவதும் இந்த இடைவெளியில்தான் தீர்மானிக்கப்படுகிறது. புல்வெளியில் பகல் வெளிச்சத்தில் இதே வசதிக்கு அவ்வளவு தேவை எழுவதில்லை.

கை நடுக்கத்தைச் சமன் செய்யும் நுட்பம்

குவியத் தொலைவு கூடும்போது கையின் சிறு அசைவும் படத்தில் பெரிதாகத் தெரியும். லென்ஸுக்குள் உள்ள ஒரு கண்ணாடித் தொகுதியை, அசைவுக்கு எதிர்த்திசையில் நகர்த்தி இதனைச் சரிசெய்யும் நுட்பம், மாற்றிப் பொருத்தும் எஸ்எல்ஆர் லென்ஸ்களில் 1995-ஆம் ஆண்டு கேனன் நிறுவனத்தின் 75-300 மி.மீ. லென்ஸ் மூலம் அறிமுகமானது. கேனன் லென்ஸ்களில் 'ஐஎஸ்' என்றும், நிக்கான் லென்ஸ்களில் 'விஆர்' என்றும், சோனி லென்ஸ்களில் 'ஓஎஸ்எஸ்' என்றும் இது குறிக்கப்படுகிறது.

500 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்துப் படம் எடுக்க, நொடியில் 500-இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் வேண்டும் என்பது பழைய கணக்கு. நான்கு நிலை சமன்பாடு கொண்ட லென்ஸில் இது 30-இல் ஒரு பங்கு வரை குறையலாம். ஆனால் இந்த நுட்பம் படம் எடுப்பவரின் அசைவை மட்டுமே சரிசெய்யும். விலங்கின் அசைவை நிறுத்தாது. அசையாமல் நிற்கும் வரையாட்டுக்கு உதவும் இந்த வசதி, தாவும் குரங்குக்கு உதவாது. அங்கு பெரிய துளையே தேவை.

கண்ணாடியும் பூச்சும்

பூச்சு இல்லாத ஒரு கண்ணாடிப் பரப்பு, தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைப் பிரதிபலித்துவிடுகிறது. காற்றைத் தொடும் 20 பரப்புகள் கொண்ட ஒரு லென்ஸில் பூச்சே இல்லையெனில், உள்ளே நுழையும் ஒளியில் பாதிக்கும் குறைவாகவே சென்சாரை அடையும். எஞ்சிய ஒளியின் ஒரு பகுதி உள்ளேயே சிதறிப் படத்தை வெளிறச் செய்யும். ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்மகுலா 1935-ஆம் ஆண்டு உருவாக்கிய எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு இதற்குத் தீர்வாக அமைந்தது. இன்றைய பல அடுக்குப் பூச்சுகள் அதன் வளர்ச்சியே. இலைகளின் இடைவெளியில் வானம் பளிச்சிடும் காட்டில் இதன் பயன் நன்கு தெரியும்.

ஒளியின் நிறங்கள் வெவ்வேறு புள்ளிகளில் குவிவதால் கிளைகளின் ஓரங்களில் ஊதா நிறக் கோடு தோன்றுவதுண்டு. இதைக் குறைக்க, நிறப்பிரிகை குறைந்த சிறப்புக் கண்ணாடியும் ஃபுளூரைட் படிகமும் பயன்படுத்தப்படுகின்றன. கேனன் நிறுவனம் 1969-ஆம் ஆண்டு வெளியிட்ட 300 மி.மீ. லென்ஸில் செயற்கை ஃபுளூரைட் இடம்பெற்றது. முன்புறக் கண்ணாடியில் நீரும் அழுக்கும் ஒட்டாமல் காக்கும் ஃபுளூரின் பூச்சு வேறு. இந்தப் படிகம் வேறு. பெயர் ஒற்றுமையால் வாங்குவோர் குழம்ப வேண்டியதில்லை.

எடையைக் குறைப்பதிலும் முன்னேற்றம் ஏற்பட்டுள்ளது. நிக்கான் நிறுவனம் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 300 மி.மீ. எஃப்/4 லென்ஸில், நுண்ணிய வளையங்கள் கொண்ட விளிம்பு விளைவுக் கண்ணாடி பயன்படுத்தப்பட்டது. முந்தைய லென்ஸ் 1,440 கிராம் எடையிருந்த நிலையில், புதியது 755 கிராம் மட்டுமே. மலைப்பாதையில் நடப்போருக்கு இது பெரும் ஆறுதலாகும்.

பொருத்துமுகமும் மா. கிருஷ்ணனின் கேமராவும்

லென்ஸும் கேமராவும் இணையும் பொருத்துமுகம் 'மவுண்ட்' எனப்படுகிறது. நிக்கானின் 1959-ஆம் ஆண்டு 'எஃப்' மவுண்டில், மவுண்டுக்கும் படச்சுருள் தளத்துக்கும் இடையிலான தொலைவு 46.5 மி.மீ. ஆகும். 2018-இல் வந்த மிரர்லெஸ் கேமராக்களுக்கான 'இசட்' மவுண்டில் இது 16 மி.மீ. ஆகக் குறைந்தது. இந்த இடைவெளியை அடாப்டர் கொண்டு நிரப்ப முடிவதால், பழைய லென்ஸ்களைப் புதிய கேமராவில் பொருத்தலாம். தானியங்கிக் குவியம் வேலை செய்யுமா என்பது லென்ஸையும் அடாப்டரையும் பொறுத்தது.

அடாப்டர்கள் எளிதில் கிடைக்காத காலத்திலேயே இதைத் தம் கையால் செய்து பார்த்தவர், தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனும் இயற்கையியலாளருமான மா. கிருஷ்ணன் (1912–1996). ஒரு நிறுவனத்தின் கேமரா, வேறொரு நிறுவனத்தின் டெலி லென்ஸ் ஆகியவற்றைத் தாமே இணைத்து அவர் பயன்படுத்தியதை, இ.பி. ஜீ 1964-இல் வெளியான தமது நூலில் பதிவு செய்துள்ளார். தென்னிந்தியக் காடுகளில் கிருஷ்ணன் எடுத்த கறுப்பு-வெள்ளைப் படங்கள் இன்றும் மதிக்கப்படுகின்றன.

ஈரமும் பூஞ்சையும்

தென்மேற்குப் பருவமழை பெய்யும் இப்பகுதிகளில் லென்ஸின் பெரும் பகை ஈரமே. மவுண்டைச் சுற்றி ரப்பர் வளையம் கொண்ட லென்ஸ்கள் தூறலையும் தூசியையும் தாங்கும். ஆனால் அவை நீர்புகாதவை அல்ல. குளிர்ந்த மூணாறிலிருந்து வெப்பமான மறையூர், சின்னார் பகுதிகளுக்கு இறங்கும்போது, பையைத் திறந்தவுடன் லென்ஸில் நீர் படியக்கூடும். மூடிய பையிலேயே சிறிது நேரம் வைத்திருந்து பின்னர் எடுப்பது நல்லது.

ஈரத்துடன் நாள்கணக்கில் மூடி வைக்கப்படும் லென்ஸில் பூஞ்சை வளர்ந்து பூச்சை அரிக்கும். சிலிக்கா ஜெல் பைகளுடன் காற்றுப்புகாத பெட்டியில் வைப்பது எளிய தீர்வாகும். பழைய லென்ஸ் வாங்குவோர், விளக்கொளியில் உட்புறத்தைப் பார்த்து, சிலந்தி வலை போன்ற இழைகள் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சிறியவற்றுக்கு மேக்ரோ

குறைந்த தொலைவில் குவியும் மேக்ரோ லென்ஸ், பொருளை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில் பதிவு செய்யும். 2003-ஆம் ஆண்டு அறிவியல் உலகுக்கு அறிமுகமான ஊதாத் தவளை இடுக்கியில் கண்டறியப்பட்டதாகும். இத்தகைய சிறு உயிர்களுக்கு 50 மி.மீ. மேக்ரோவைவிட 100 மி.மீ. மேக்ரோ ஏற்றது; அதே அளவு படத்தைச் சற்று விலகி நின்றே எடுக்கலாம். 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சி, 12 ஆண்டுச் சுழற்சியின்படி 2030-இல் மீண்டும் பூக்க வேண்டும். அப்போது ஒரு பூவுக்கு மேக்ரோவும், மலைச்சரிவு முழுவதற்கும் அகலக்கோண லென்ஸும் உதவும்.

தொலைவே பாதுகாப்பு

மூணாறு பகுதியில் 'படையப்பா' என மக்கள் அழைக்கும் காட்டு யானை போன்ற விலங்குகள் சாலைக்கு வரும்போது, கைப்பேசியுடன் நெருங்கிச் செல்வது உயிருக்கே ஆபத்தாகும். ஈன்ற குட்டிகளுடன் உள்ள வரையாடுகளுக்குத் தொந்தரவு நேராதிருக்க, குட்டி ஈனும் பருவத்தில் இரவிகுளத்தில் பார்வையாளர்களுக்கு அனுமதி மறுக்கப்படுகிறது. நீண்ட லென்ஸ் கிடைக்கவில்லையெனில், விலங்கைச் சிறியதாகவும் அதன் காட்டைப் பெரியதாகவும் காட்டும் படத்தை எடுக்கலாம். எந்த லென்ஸ் கையில் இருந்தாலும், படத்துக்காக எடுத்து வைக்கும் அடுத்த அடிக்கு அது ஈடாகாது என்பது குறிப்பிடத்தக்கது.